அவனுக்கு முதல் தம் குடுத்தது நான்தான்

மக்களே, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது அட்வைஸ் கட்டுரை இல்லை. அட்வைஸ் பண்றதுக்கு நம்ம காலேஜ்ல ஆளுக்கா பஞ்சம்? ஹெச்.ஓ.டி. இருக்கார், வார்டன் இருக்கார். வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டோரியத்துல எல்லாரையும் உக்கார வெச்சு, புரொஜெக்டர்ல கறுத்துப் போன நுரையீரலைக் காட்டுவாங்க. அந்தப் படத்தைப் பார்த்துட்டு வெளியே வந்ததும் நேரா எங்கே போவோம்? டீக்கடைக்கு. அங்கே போய் என்ன பண்ணுவோம்னு உனக்கே தெரியும். நானும் அப்படிப் போனவன்தான். அதனால இதை ஒரு வாக்குமூலம்னு வெச்சுக்கோ.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. நான் செகண்ட் இயர். எங்க ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்திருந்தான். சேர்க்க வந்த அன்னைக்கு அவங்க அம்மா ஹாஸ்டல் வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தம்பி, இவன் வீட்டை விட்டு எங்கேயும் இருந்ததில்ல. கொஞ்சம் பாத்துக்கப்பா"ன்னு சொன்னாங்க. நானும் பெரிய மனுஷன் மாதிரி, "நான் இருக்கேன்ல, நீங்க கவலைப்படாம போங்கம்மா"ன்னு அனுப்பி வெச்சேன்.

ஃபர்ஸ்ட் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரி அவன் என் ரூமுக்கு வந்தான். மேத்ஸ் போயிடுச்சு. பன்னெண்டாவதுல நல்ல மார்க் எடுத்த பையன். மூஞ்சியெல்லாம் வீங்கியிருந்தது. "வாடா, ஒரு டீ அடிச்சா சரியாயிடும்"னு கூட்டிட்டுப் போனேன். எங்க செட் நாலு பேரும் வந்தாங்க. டீ சொன்னேன். ஒண்ணைப் பத்த வெச்சு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு அவன்கிட்ட நீட்டினேன். "சும்மா இழுடா, டென்ஷன் குறையும்."

அவன் இழுத்தான். இருமினான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நாங்க சிரிச்சோம், முதுகுல தட்டினோம். அவனும் சிரிச்சான். அன்னைக்கு அவன் அழுகையை நிறுத்தினதுக்குக் காரணம் அந்த சிகரெட்னு நாங்க எல்லாரும் நம்பினோம். அவனும் நம்பினான்.

அப்போ அவனுக்கு 18 வயசு முடியல. 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு சிகரெட் விக்கறது 2003-ல் வந்த புகையிலைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கடைக்காரர் அவனுக்கு விக்கல. நான்தான் குடுத்தேன்.

இன்னைக்குக் கணக்கு இது: நான் தம்மை விட்டு பதினாலு மாசம் ஆகுது. அவன் ஒரு நாளைக்குப் பத்து அடிக்கிறான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அவங்க அம்மாவை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். "நீ அந்தப் பழக்கத்தை விட்டுட்டியாமே தம்பி, நல்லாயிருப்பே. இவன் சட்டையெல்லாம் ஒரே வாடை. நீ சொன்னா கேப்பான், கொஞ்சம் சொல்லேன்"னாங்க. யார் ஆரம்பிச்சு வெச்சதுன்னு அவங்களுக்குத் தெரியாது. பஸ்ல ஏறி உக்கார்ந்ததுக்கு அப்புறமும் எனக்கு மனசு அடங்கல. அதுக்கப்புறம் யோசிச்சதைத்தான் இங்கே எழுதறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். தம் அடிக்கிறதை நம்ம வயசுல யாரும் தனியா ஆரம்பிக்கிறதில்ல. சேர்ந்துதான் ஆரம்பிக்கிறோம். அப்புறம் விடறதை மட்டும் ஏன் ஒவ்வொருத்தனும் தனியாப் போராடணும்னு எதிர்பார்க்கிறோம்?

யாருமே ருசிக்காக ஆரம்பிக்கல

உன்னோட முதல் சிகரெட்டை ஞாபகப்படுத்திப் பாரு. நல்லாவா இருந்துச்சு? தொண்டை எரிஞ்சுது, தலை சுத்துச்சு, சிலருக்கு வாந்தியே வந்திருக்கும். அப்படி இருந்தும் ரெண்டாவது எதுக்கு? கூட நிக்கிற நாலு பேருக்காக. கேங்ல சேர்றதுக்குக் கட்டுற சந்தா மாதிரி அது. "மச்சி, பாதி குடு", "கடைசி இழுப்பு எனக்கு", "இன்னைக்கு நான் வாங்கறேன், நாளைக்கு நீ". யோசிச்சுப் பார்த்தா, ஹாஸ்டல்ல நாம இவ்வளவு பாசமாப் பங்கு போட்டுக்கிறது வேற எதுவுமே இல்ல. மெஸ்ல ஒரு அப்பளத்தைக் கூட இப்படிக் குடுக்க மாட்டோம்!

அதனாலதான் விட நினைக்கிறவனுக்கு ரெண்டு பயம். உடம்பு என்ன பண்ணுமோங்கிற பயம் ஒண்ணு. அந்தப் பத்தரை மணி பிரேக்ல நண்பர்கள் கூட நிக்கிற இடம் போயிடுமோங்கிற பயம் இன்னொண்ணு. ரெண்டாவதைப் பத்தி எந்த ஆடிட்டோரியத்துலயும் யாரும் பேசறதில்ல.

டென்ஷன் குறையுதா, நிஜமாவா?

"எக்ஸாம் டைம்ல தம் இல்லாம முடியாது மச்சி." இதை நானும் சொல்லியிருக்கேன். அப்படிச் சொல்றவன் பொய் சொல்லல, அவனுக்கு நிஜமாவே அப்படித்தான் இருக்கும். ஆனா உள்ளே என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாரு.

புகையை இழுத்த 10 முதல் 20 வினாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே டோபமைனைத் தூண்டிவிடுகிறது. ஒரு சுகம் தெரிகிறது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பழகிப் போன மூளை "எங்கே அது?" என்று கேட்க ஆரம்பிக்கும். எரிச்சல் வரும், கவனம் சிதறும், கை பரபரக்கும். அடுத்த சிகரெட் அந்தப் பரபரப்பை அடக்குகிறது. நாம "ஆஹா, டென்ஷன் போச்சு" என்கிறோம். அந்த டென்ஷனைக் குடுத்தது யார்? போன சிகரெட்.

பைக் டயர்ல ஆணி குத்தியிருக்கு. மணிக்கு ஒரு தடவை அதே கடையில போய்க் காத்து அடிச்சுக்கிட்டு, "இந்தக் கடை மட்டும் இல்லைன்னா என் வண்டி ஓடாதுப்பா"ன்னு சொல்றோம். ரோட்டுல ஆணியைப் போட்டதே அந்தக் கடைக்காரர்தான்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்? அந்தக் கதைதான் இது.

விட்டவர்களையும் விடாமல் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. விட்டவர்களுக்குப் பதட்டம், மனச்சோர்வு, மன அழுத்தம் எல்லாமே குறைந்திருந்தன. அதாவது டென்ஷன் குறையணும்னா எடுக்க வேண்டிய மருந்து சிகரெட் இல்ல, அதை விடறதுதான். என் சொந்த அனுபவமும் அதேதான். முதல் மூணு வாரம் கொடுமை. அதுக்கப்புறம் எழுதின செமஸ்டர் எக்ஸாம்லதான், மூணு மணி நேரமும் "எப்போடா வெளியே போவோம்"னு தோணாம உக்கார்ந்து எழுதினேன்.

முப்பது வயசுக்குள்ள

நாம இன்ஜினியர்கள். பயமுறுத்தற படத்தைவிட டேட்டா நமக்குப் புரியும். அதனால ஒரு டேட்டா.

பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். நுரையீரல் புற்றுநோய் ஏன் அதிகமாகிறது என்று தேடியவர்கள். 1950-ல் வந்த அவர்களுடைய முதல் ஆய்வு, கையைச் சிகரெட் பக்கம் காட்டியது. டால் அப்போது புகைப்பவர்தான். தான் சேகரித்த கணக்கைப் பார்த்துவிட்டுத் தானே விட்டுவிட்டார். அடுத்து 1951-ல் பிரிட்டனின் டாக்டர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பினார்கள். அதில் சேர்ந்த 34,439 ஆண் டாக்டர்களை 50 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முழு முடிவு 2004-ல் வெளியானது.

கடைசி வரை புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிட சராசரியாக 10 வருடம் முன்னாடியே இறந்திருந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50-ல் விட்டவர்களுக்கு 6. 40-ல் விட்டவர்களுக்கு 9. 30-ல் விட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுசா 10 வருடமும்.

இதைப் படிச்சதும் உன் மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். "சூப்பர்! அப்போ 29 வரைக்கும் அடிச்சுட்டு 30-ல் விட்டுடலாம்." நானும் அதையேதான் நினைச்சேன். ஆனா 30-ல் விடறது என்ன சப்மிஷனா, கடைசி நாள் ராத்திரி உக்கார்ந்து முடிக்கறதுக்கு? 2016-17-ல் இந்தியா முழுக்க எடுத்த புகையிலை சர்வேயில், புகைக்கிறவர்களில் பாதிக்கு மேல் விடத் திட்டமிடுகிறார்கள் அல்லது விடுவதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்று தெரிந்தது. எல்லாருமே யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. நம்ம டீ மாஸ்டரே சொல்வார்: "உங்க வயசுல இருந்து விடணும்னுதான்ப்பா இருக்கேன்." அவருக்கு இப்போ ஐம்பது இருக்கும். ரெண்டு மாடி ஏறினா நின்னு மூச்சு வாங்குவார். வருஷம் கூடக் கூட விடறது சுலபமாகப் போறதில்ல. வேலைக்குப் போனா டீ பிரேக் இன்னும் அதிகம், டென்ஷன் அதிகம், சம்பளம் வேற கையில இருக்கும்.

எனக்கு என்ன கிடைச்சுது

விட்டா உடம்பு என்ன பண்ணும்னு உலக சுகாதார நிறுவனம் ஒரு வரிசையே போட்டுக் குடுத்திருக்கு. கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பிக்கின்றன. 12 மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு வந்துவிடுகிறது. பைக் சைலன்சர்ல வர்ற அதே வாயுதான். ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 2 முதல் 12 வாரத்தில் ரத்த ஓட்டமும் நுரையீரலின் திறனும் கூடுகின்றன. ஒரு வருடத்தில் மாரடைப்பு வகை இதய நோய்க்கான அபாயம், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் சுமார் பாதியாகிவிடுகிறது. 10 வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் அபாயமும் ஏறக்குறைய பாதி.

இதெல்லாம் புத்தகக் கணக்கு. என் கணக்கையும் சொல்றேன்.

டிராயிங் ஹால் நாலாவது மாடியில இருக்கு. மினி டிராஃப்டரைத் தூக்கிக்கிட்டு ஏறினா மூணாவது மாடியில நின்னு செல்போனைப் பார்க்கிற மாதிரி நடிப்பேன், மூச்சு வாங்கறதுக்காக. இப்போ நடிக்கிறதில்ல.

என் ரூம்மேட்டுக்கு வீசிங் உண்டு. ரெண்டு வருஷம் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் ரூம்ல பத்த வெச்சா தலகாணியை எடுத்துக்கிட்டு வராண்டாவுக்குப் போயிடுவான். வெளியே காத்து நல்லா வருதுன்னு சொல்வான். நானும் அதை நம்பினேன். நான் விட்டதுக்கப்புறம் ஒரு ராத்திரி கூட அவன் வெளியே படுத்ததில்ல.

காசு. ஒண்ணு 15 ரூபாய்னு ஒரு நாளைக்கு ஆறு வாங்கிட்டிருந்தேன். நாளுக்கு 90. மாசத்துக்கு 2,700. வருஷத்துக்கு 32,850. நாலு வருஷப் படிப்புக்கு 1,31,400 ரூபாய். இதை எக்ஸெல்ல போட்டுப் பார்த்த அன்னைக்குத் தூக்கம் வரல. எங்கப்பா எஜுகேஷன் லோனுக்காக பேங்க்ல எத்தனை தடவை போய் நின்னார்னு எனக்குத் தெரியும்.

கடைசியா ஒண்ணு. முன்னாடி ஊருக்குப் போறப்போ எங்க ஸ்டாப்புக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிடுவேன். ஒரு தம் போட்டுட்டு, வாயில ஏலக்காயைப் போட்டு மென்னுக்கிட்டே நடந்து போவேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அம்மா கிட்ட வராங்கன்னா, "வேர்வை, குளிச்சுட்டு வரேன்"னு பாத்ரூமுக்கு ஓடுவேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற பையன் பக்கத்துல வராம ஓடறான். இப்போ எங்க ஸ்டாப்லயே இறங்கறேன். இதைவிட எனக்கு வேற எதுவும் பெருசாத் தெரியல.

மூணு தடவை தோத்தேன்

ஏதோ மன உறுதியில ஒரே நாள்ல விட்டுட்டேன்னு நினைக்காதே. மூணு தடவை விட்டு மூணு தடவையும் தோத்தேன். ஒரு தடவை நாலு நாள், ஒரு தடவை பதினோரு நாள், ஒரு தடவை ஒரு மாசம். மூணாவது தடவை கவுத்தது அரியர் ரிசல்ட். "ஒண்ணே ஒண்ணுடா"ன்னு ஆரம்பிச்சது, அந்த வாரக் கடைசியில பழையபடி ஆறு.

ஆனா தோத்ததுல கத்துக்கிட்டேன். நாலாவது தடவை என்ன மாத்தினேன்னு சொல்றேன், உனக்கு எது உதவுமோ எடுத்துக்கோ.

தேதி குறிச்சேன். "அடுத்த மாசம்"னு இல்ல, காலண்டர்ல வட்டம் போட்ட ஒரு ஞாயித்துக்கிழமை. எக்ஸாமும் ரிவ்யூவும் இல்லாத வாரம். முதல் சில நாள்தான் உச்சக்கட்டம், ரெண்டிலிருந்து நாலு வாரத்துக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும்னு முன்னாடியே படிச்சு வெச்சிருந்தேன். தெரிஞ்சு வர்ற எதிரியோட பலம் பாதிதான்.

ஆசை வந்தா மணி பார்த்தேன். இது ரொம்ப முக்கியம். அந்த வெறி நாள் பூரா இருக்காது. அலை மாதிரி வந்து சில நிமிஷத்துல போயிடும். போய் மறுபடி வரும், மறுபடி போகும். அந்த அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா போதும். நான் தாண்டினது கடலைமிட்டாய், தண்ணி பாட்டில், மொட்டை மாடியை ரெண்டு சுத்து, இவ்வளவுதான். "வாழ்நாள் முழுக்க அடிக்க மாட்டேன்"னு சபதம் போட்டா மலைப்பா இருக்கும். "இந்த அஞ்சு நிமிஷம் அடிக்க மாட்டேன்"னா முடியும்.

டீயை மாத்தினேன். டீ கிளாஸ் இடது கைக்கு வந்தா வலது கை தானாச் சட்டைப் பையைத் தேடும். அதனால முதல் மூணு வாரம் டீக்குப் பதிலா மோர், எலுமிச்சை ஜூஸ். லைட்டரைத் தூக்கிப் போட்டேன். எல்லாத்துக்கும் மேல, ரூம்ல நாலு பேர்கிட்டயும் வாய்விட்டுச் சொன்னேன். "மச்சி, நான் விடறேன். கேட்டாலும் குடுக்காதீங்க. நான் எரிஞ்சு விழுந்தா மூணு வாரம் பொறுத்துக்கோங்க." முந்தின மூணு தடவையும் இதை யார்கிட்டயும் சொல்லல. தோத்தா கிண்டல் பண்ணுவாங்கன்னு ரகசியமா விட்டேன். ரகசியமா விட்டவன் ரகசியமாவே ஆரம்பிச்சுடலாம், யாருக்கும் தெரியாது.

இதுக்கு மேலயும் உதவி இருக்கு. 1800-11-2356. இது அரசாங்கத்தோட இலவச எண். விட நினைக்கிறவங்களுக்கு ஆலோசனை சொல்றதுக்குன்னே வெச்சது. சிகரெட் பாக்கெட் மேலயே அச்சடிச்சிருக்கு. நாமதான் ஒண்ணு ரெண்டா உதிரியா வாங்கறோமே, பாக்கெட்டை எங்கே பார்க்கிறது? நிறைய அடிக்கிறவங்களுக்கு நிகோடின் சூயிங்கம் மாதிரி விஷயங்களும் உதவும். டாக்டர்கிட்டயோ அந்த எண்லயோ கேட்டுட்டு எடுத்துக்கோ. அப்புறம், "தம்மை விட்டுட்டு வேப்புக்கு மாறிடறேன்"னு ஐடியா குடுக்கிற புத்திசாலிகளை நம்பாதே. அதுலயும் நிகோடின்தான். இந்தியாவுல இ-சிகரெட் விக்கறதே 2019-லிருந்து தடை.

பக்கத்துல நிக்கிறவனுக்கு

இதுவரைக்கும் அடிக்கிறவங்களுக்குச் சொன்னேன். இனி சொல்றது அடிக்காத உனக்கும், விட்டுட்ட உனக்கும்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்று ஒரு ஊர். இதய நோய் ஆய்வுக்காக அங்கிருந்தவர்களைப் பல வருடமாகக் கவனித்து வந்தார்கள். அந்த ஆய்வின் பதிவுகளை வைத்து, 1971-லிருந்து 2003 வரை, 12,067 பேரை யாருக்கு யார் நண்பர், உறவு, கூட வேலை செய்பவர் என்று வலை மாதிரி வரைந்து பார்த்தார்கள் கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் என்ற இருவர். 2008-ல் வெளியிட்டார்கள். ஒருவர் விட்டால், அவருடைய நண்பர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்தது. இன்னொரு விஷயம்: ஆட்கள் ஒவ்வொருவராக விடவில்லை, கும்பல் கும்பலாக விட்டார்கள். அதிகம் படித்த நண்பர்களுக்குள் இந்தப் பாதிப்பு இன்னும் அதிகமாக இருந்தது. நம்மளை மாதிரி ஒரு ஹாஸ்டல் பிளாக்குக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேணும்?

சட்டம் என்ன பண்ணும்? பொது இடத்துல அடிச்சா 200 ரூபாய் வரைக்கும் அபராதம். கல்வி நிறுவனத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள விக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனா 101-வது கஜத்துல ஒரு பெட்டிக்கடை இருந்தா நமக்கு ரெண்டு நிமிஷ நடைதானே? மிச்சத்தை நாமதான் பண்ணணும்.

என்ன பண்ணக் கூடாதுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா எனக்கு நடந்தது அதுதான். கேன்சர் படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பாதே, அவன் அதைப் பார்த்துப் பழகிட்டான். "நீயாவது விடறதாவது"ன்னு கிண்டல் பண்ணாதே. நாலு நாள் விட்டவன் அஞ்சாவது நாள் அடிச்சுட்டான்னா, "எனக்கு அப்பவே தெரியும்"னு சொல்லாதே. எனக்கு இதைச் சொன்னவங்க எல்லாரும் நல்லவங்கதான், ஆனா ஒவ்வொரு தடவையும் நேரா கடைக்குத்தான் போனேன்.

உதவினது வேற. என் ரூம்மேட், அதே வீசிங்காரன், நான் மாடியில சுத்தறப்போ ஒண்ணும் பேசாம கூடவே சுத்துவான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு எழுப்பினாலும் வருவான். பன்னெண்டாவது நாள் நான் ஒண்ணு அடிச்சுட்டு வந்து அவன்கிட்ட சொன்னேன். திட்டுவான்னு பார்த்தேன். "சரி, பன்னெண்டு நாள்ல ஒண்ணு. முன்னாடி ஒரு நாளைக்கு ஆறு. நாளைக்கு என்ன பண்றோம்?"னு கேட்டான். "என்ன பண்ற"ன்னு கேக்கல, "என்ன பண்றோம்"னு கேட்டான்.

அதனால உன்கிட்ட கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. உன் நண்பன் விடறேன்னு சொன்னா நம்பு. அவன் கண்ணு முன்னாடி பத்த வெக்காதே. அவன் கெஞ்சினாலும் நீட்டாதே. பிரேக்ல அவனைத் தனியா விட்டுட்டு கேங் கடைக்குப் போகாதே. ஒருத்தனாவது அவன் கூட கேன்டீனுக்குப் போ. அவனுக்கு அந்த இடம் போயிடலன்னு தெரியட்டும். வழுக்கி விழுந்தா எண்ணிக்கையை மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்க உதவு.

நீ இப்போதைக்கு விடற மாதிரி இல்லையா? சரி, அது உன் முடிவு. ஆனா ஒண்ணு மட்டும் பண்ணு. ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு நீட்டாதே. அவன் அழுதாலும், கெஞ்சினாலும், "நானும் பெரியவன்தான்"னு வீம்பு பண்ணினாலும் குடுக்காதே. டீ மட்டும் வாங்கிக் குடு. அன்னைக்கு ராத்திரி அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது ஒரு டீயும், "எனக்கும் ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல மேத்ஸ் போச்சுடா"ங்கிற ஒரு வார்த்தையும்தான். ரெண்டுமே என்கிட்ட இருந்துச்சு.

இப்போ அவன் கதை. பொங்கல் முடிஞ்சு வந்ததும் அவன் ரூமுக்குப் போனேன். அவங்க அம்மா சொன்னதைச் சொல்லல. "டேய், உனக்கு முதல் தம் குடுத்தது நான்தான். தப்புப் பண்ணிட்டேன்டா. நீ எப்போ விடணும்னு நினைச்சாலும் சொல்லு, நான் கூட இருக்கேன்"னு மட்டும் சொன்னேன். சிரிச்சான். "அட விடுங்கண்ணா, நீங்க குடுக்கலன்னா வேற யாராவது குடுத்திருப்பாங்க"ன்னான். இருக்கலாம். ஆனா குடுத்தது நான்தானே.

மூணு வாரம் கழிச்சு அவனே ஒரு ராத்திரி வந்தான். "அண்ணா, ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கலாமா?"

இதை எழுதற இன்னைக்கு அவனுக்கு ஒன்பதாவது நாள். நடுவுல ரெண்டு தடவை வழுக்கிட்டான், ரெண்டையும் வந்து சொன்னான். நேத்து சாயங்காலம் டீக்கடைக்குச் சேர்ந்து போனோம். எங்க பழைய செட்டு அங்கேதான் நின்னுச்சு. ஒருத்தன் பழக்கத்துல பாக்கெட்டை நீட்டினான், அப்புறம் ஞாபகம் வந்து கையை உள்ளே இழுத்துக்கிட்டான். இவன் சூடான டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னான். கை நடுங்கிட்டுதான் இருந்துச்சு. டீ முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம் கிளம்பி வந்துட்டோம்.

ஜெயிப்பானா? நாளைக்குத் தெரியாது. நாளைக்குச் சாயங்காலமும் அவன் கூடப் போவேன், அது தெரியும். உன் ரூம்லயும் இப்படி ஒருத்தன் இருப்பான். இல்லைன்னா அது நீயாவே இருக்கலாம். காலண்டரை எடுத்து ஒரு ஞாயித்துக்கிழமைக்கு வட்டம் போடு. போட்டுட்டு, பக்கத்துல இருக்கிறவன்கிட்ட சொல்லு.